மார்த்தாண்டம் தேனும் எங்கள் விளையின் களையும்

பி.காம் படிக்கிறவனுக்குத் தேனீயில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். விஷயம் வகுப்பில்தான் தொடங்கியது.

பொருளாதாரப் பாடத்தில் "புறவிளைவு" என்று ஒரு தலைப்பு உண்டு. ஆசிரியர் கரும்பலகையில் ஒரு பக்கம் ஆப்பிள் மரமும் மறுபக்கம் ஒரு தேன்பெட்டியும் வரைந்தார். ஜேம்ஸ் மீட் என்ற ஆங்கிலப் பொருளியல் அறிஞர் 1952-ல் எழுதிய கட்டுரையில் வரும் உதாரணம் அது. (இவருக்கு 1977-ல் நோபல் பரிசு கிடைத்தது.) தோட்டக்காரர் இன்னும் நாலு ஆப்பிள் மரம் வைத்தால் பக்கத்து தேனீக்காரருக்குத் தேன் கூடும். ஆனால் அந்தக் கூடுதல் தேனுக்காகத் தோட்டக்காரருக்கு யாரும் காசு தருவதில்லை. அதேபோல் தேனீ வந்து பூவில் உட்கார்ந்தால் ஆப்பிள் அதிகமாகக் காய்க்கும், அதற்கும் தேனீக்காரர் பில் போடுவதில்லை. ஒருவருடைய வேலையின் பலன் இன்னொருவருக்குப் போகிறது, ஆனால் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. ஐந்து மார்க் கேள்வி, கட்டாயம் வரும் என்றார்.

எங்கள் வகுப்பில் ஆப்பிளைக் கடையில் பார்த்திருக்கிறோமே தவிர மரத்தில் பார்த்தவன் ஒருவனும் இல்லை. ஆனால் தேன்பெட்டி பார்க்காதவன் குமரி மாவட்டத்தில் இருக்க முடியாது. எனக்கு உடனே ஞாபகம் வந்தது இராஜாக்கமங்கலத்தில் எங்கள் தென்னைவிளையில் வரிசையாக இருந்த பெட்டிகள்தான். அந்தப் பெட்டிகள் ஏன் வந்தன, ஏன் போயின என்று தேடப்போய் நூறு வருஷக் கதை ஒன்று கிடைத்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் பெட்டியின் கதை. நம் முன்னோர் தேன் எடுக்காமல் இல்லை. மலையில் காணிக்காரர்கள் பாறையிலும் உயர்ந்த மரத்திலும் மலைத்தேன் எடுத்தார்கள். ஊரில் மரப்பொந்திலும் மண்சுவரிலும் அடைந்திருக்கும் அடுக்குத்தேனீயின் கூட்டைப் புகைபோட்டு, அடையை அறுத்து, புழுவோடு சேர்த்துப் பிழிந்தார்கள். அதோடு அந்தக் கூட்டத்தின் கதை முடிந்தது. இதை நம் பாஷையில் சொன்னால் வருமானத்தை எடுக்கிறேன் என்று முதலையே அழிக்கிற வியாபாரம்!

முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் எடுக்கும் வழியை 1851-ல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார் கண்டுகொண்டார். அடைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு குறிப்பிட்ட இடைவெளி, ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர், விட்டால் தேனீ அதை மெழுகால் அடைக்காது, நடமாடும் பாதையாக வைத்துக்கொள்ளும். ஆகவே சட்டங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுக்கலாம், தேனைச் சுழற்றி எடுத்துவிட்டு அடையைத் திருப்பி வைக்கலாம். ஆனால் அவர் பெட்டி ஐரோப்பியத் தேனீக்கு அளவெடுத்தது. நம் இந்தியத் தேனீ உருவத்திலும் சிறியது, கூட்டமும் சிறியது. அந்தப் பெரிய பெட்டி இதற்கு அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்ட மாதிரி.

சட்டையைச் சுருக்கித் தைத்தவர் திருச்சி புனித வளனார் கல்லூரியில் இருந்த நியூட்டன் என்ற இயேசு சபைப் பாதிரியார். ஏழு சட்டங்கள் கொண்ட சிறிய பெட்டி. 1911 முதல் 1917 வரை தென்னிந்தியாவில் பலருக்கு அவர் தேனீ வளர்ப்பைச் சொல்லிக்கொடுத்தார். இன்றும் அந்தப் பெட்டிக்கு "நியூட்டன் பெட்டி" என்றுதான் பெயர். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் பெட்டித் தேனீ வளர்ப்பு 1917-லேயே தொடங்கிவிட்டது. சென்னை மாகாணத்தில் 1931-ல்தான். நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்தது என்பதால் இந்த விஷயத்தில் மற்ற தமிழ்நாட்டை விட நாம் கொஞ்சம் சீனியர் :-)

ஆனாலும் சர்க்கார் உத்தரவால் மட்டும் ஒரு தொழில் ஊரில் வேர்விடாது. அதற்குக் காரணம் மார்த்தாண்டம். பழைய பெயர் தொடுவெட்டி, சந்தைக்குப் பேர்போன இடம். 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. அங்கே கிராமப் புனரமைப்பு மையம் ஒன்றை நடத்தியது. ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் பொறுப்பில் இருந்தார். அவர் 1932-ல் அந்த அனுபவத்தை ஒரு புத்தகமாகவே எழுதினார். நிலம் இல்லாதவனுக்கும் கால் ஏக்கர் வைத்திருப்பவனுக்கும் வீட்டோடு செய்ய ஏதாவது தொழில் வேண்டும் என்பதுதான் யோசனை. கோழி, நெசவு, பனைவெல்லம் என்ற வரிசையில் தேனீயும் வந்தது. தேன்பெட்டி வைக்க நிலம் வேண்டாம், தேனீ அடுத்தவன் நிலத்தில் மேயும்! பின்னர் கூட்டுறவுச் சங்கம் வந்தது, தேனைச் சுத்தம் செய்து குப்பியில் அடைத்து விற்கும் ஏற்பாடு வந்தது, "மார்த்தாண்டம் தேன்" என்பது ஒரு பெயராக நின்றது. 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. நம்ம மட்டி வாழைப்பழத்துக்கும் அதே வருஷம்தான் கிடைத்தது.

அந்தக் காலத்துத் தேன் எதிலிருந்து வந்தது? விளவங்கோடு, கல்குளம் பக்கம் ஒரு வீட்டுப் புரையிடத்தை நினைத்துப் பாருங்கள். தென்னை, மா, பலா, புளி, கொல்லாமரம், முருங்கை, வாழை, வேலியில் கொடி, கீழே தும்பையும் தொட்டாச்சிணுங்கியும். ஒன்று பூத்து முடிந்தால் இன்னொன்று. தேனீக்கு வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்தது.

இதை மாற்றியது ரப்பர். மேற்கு மலையடிவாரத்தில் 1900-களின் தொடக்கத்திலேயே பெரிய எஸ்டேட்டுகள் வந்தன. பிறகு சிறு விவசாயிகளும் ரப்பர் வைத்தார்கள், 1980-ல் கோட்டயம் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 என்ற ரகத்தை வெளியிட்ட பின் இன்னும் வேகமாக. ரப்பர் மரத்தில் தேன் பூவிலிருந்து வருவதில்லை என்பது எனக்கே போன வருஷம்தான் தெரியும். டிசம்பர், ஜனவரியில் மரம் மொட்டையாக நிற்கும். பிறகு செம்புநிறத்தில் தளிர் வரும். ஒவ்வொரு காம்பிலும் மூன்று இலைகள் சேரும் இடத்தில் சின்னச் சின்னச் சுரப்பிகள், அதில் துளித்துளியாக இனிப்பு நீர். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஒரு தோட்டம் முழுக்க இப்படிச் சொட்டினால் யோசித்துப் பாருங்கள்! வேறு எந்த மரமும் இந்த அளவுக்குக் கொடுப்பதில்லை. தேனீக்காரர்கள் பெட்டிகளை லாரியில் ஏற்றிக் கேரளத் தோட்டங்கள் வரைக்கும் போக ஆரம்பித்தார்கள். குளிர்நாளில் குப்பிக்குள் வெள்ளையாக உறைந்துபோகும் தேனைப் பார்த்து "சீனி கலந்திருக்கு" என்று சண்டை போடுகிறோமே, அது பெரும்பாலும் ரப்பர் தேன்தான். அதில் குளுக்கோஸ் அதிகம், சீக்கிரம் உறையும். கலப்படம் இல்லை சாமி.

ஆனால் இந்த விருந்தில் ஒரு குறை. இலைக்காம்பில் வரும் இனிப்பில் மகரந்தம் கிடையாது. தேன் தேனீக்கு எரிபொருள் மாதிரி, பறக்கலாம், உயிரோடு இருக்கலாம். புழு வளர வேண்டுமானால் மகரந்தம் வேண்டும். தாதித் தேனீக்கள் மகரந்தத்தைத் தின்றுதான் புழுவுக்கான உணவைச் சுரக்கின்றன. கணக்குப் போட்டுப் பார்த்தேன். முட்டை தேனீயாக வெளிவர ஏறத்தாழ 20 நாள். வந்தவுடன் அது வெளியே போகாது, கூட்டுக்குள் வேலை செய்துவிட்டு இன்னொரு மூன்று வாரம் போல் கழித்துத்தான் தேன் தேடப் போகும். அப்படியானால் பிப்ரவரி முதல் வாரம் ரப்பர் தளிரில் உட்காரும் தேனீ, டிசம்பரில் இடப்பட்ட முட்டை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் கூட்டுக்கு மகரந்தம் வரவில்லை என்றால் மாசியில் ரப்பர் எவ்வளவு சொட்டினாலும் அள்ள ஆள் இருக்காது. ரப்பர் தேனின் முதலீடு ரப்பர் தோட்டத்துக்கு வெளியே, முந்தைய மழைக்காலத்தில் போடப்படுகிறது!

அதனால்தான் பெட்டிகள் எங்கள் ஊர்ப் பக்கம் வந்தன. மார்த்தாண்டத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல். எங்கள் ஊரில் ரப்பர் கிடையாது. துறையில் மீன், மேலே தென்னை, வாழை, கொஞ்சம் வயல். தென்னை மாதம் ஒரு பாளை வெடிக்கும் மரம், ஆகவே வருஷம் முழுக்கப் பூ. ஆடியில் ரப்பர் தோட்டத்தில் தேனீ பட்டினி கிடக்கும்போது இங்கே கொண்டுவந்து வைத்துத் தேற்றுவார்கள்.

எங்கள் விளையில் பெட்டி வைத்தவரை நாங்கள் தேன்பெட்டி அண்ணாச்சி என்போம். அவர் அப்பாவும் இதே தொழில்தான். 1991, 92-ஐப் பற்றி அவர் வாயால் கேட்க வேண்டும். தாய்லாந்து சாக்புரூட் என்ற வைரஸ் வந்த வருஷங்கள் அவை. 1976-ல் தாய்லாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது, 1978-ல் மேகாலயா, அப்புறம் தெற்கே. புழு, கூட்டுப்புழுவாக மாறும் முன்பே அறைக்குள் தலையைத் தூக்கியபடி செத்து, தண்ணீர் நிறைந்த பை மாதிரி ஆகிவிடும். மருந்து இல்லை, இன்றைக்கும் இல்லை. தென்னிந்தியாவில் வளர்ப்புக் கூட்டங்களில் 90 சதவீதத்துக்கும் மேல் அழிந்துபோயின. அண்ணாச்சிக்கு அப்போது இருபது வயசு இருக்கும். "காலம்பற பெட்டியத் தொறந்தா நாத்தம். இருநூறு பெட்டி இருந்த எடத்துல பதினொண்ணு மிஞ்சிச்சு மக்ளே. அப்பா பெட்டிப் பலகைய அடுப்புக்குப் போட்டாரு" என்றார். அவர் அப்பா அதற்குப்பின் தேனீயைத் தொடவில்லையாம். தப்பிய கூட்டங்களைப் பிரித்துப் பிரித்துத்தான் மறுபடி பெருக்கினார்கள். இன்று மாவட்டத்தில் இருக்கும் பெட்டித் தேனீக்களில் பெரும்பாலானவை அந்த மிச்சத்தின் வாரிசுகள் என்று நினைக்கும்போது எனக்குக் கொஞ்சம் சிலிர்க்கத்தான் செய்கிறது.

சரி, களைக்கு வருவோம்.

பாட்டா காலத்தில் எங்கள் எண்பது சென்ட் விளையில் களை என்று தனியாக ஒரு பிரச்சினை இருந்ததாகவே தெரியவில்லை. மழைக்கு முன் ஒரு தடவை மம்பட்டியால் கொத்திப் போடுவார்கள், மிச்சத்தைப் பசு தின்னும். பசு போனது. கூலி ஏறியது, ஆளும் கிடைப்பதில்லை. நூறு நாள் வேலை வந்ததால்தான் ஆள் கிடைக்கவில்லை என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது முழுக்கச் சரியாகப் படவில்லை. எங்கள் ஊரில் என் வயசுக்காரன் எவனும் அந்தத் திட்டத்துக்கு முன்னாலும் மம்பட்டி பிடிக்கத் தயாராக இருந்திருக்க மாட்டான், நான் உட்பட.

அந்த இடத்தில் வந்தது மருந்து. கிளைபோசேட் களையைக் கொல்லும் என்று 1970-ல் அமெரிக்காவின் மான்சாண்டோ கம்பெனியில் கண்டுபிடித்தார்கள், 1974-ல் ரவுண்டப் என்று சந்தைக்கு வந்தது. பச்சை இலையில் பட்டால் வேர் வரை இறங்கிக் கொல்லும். தென்னை மரத்தின் தடியில் பச்சை இல்லாததால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. நாலு ஆள் இரண்டு நாள் செய்வதை ஒரு ஆள் ஒரு காலையில் முடித்துவிடலாம். கேரளா 2019-ல் தடை செய்தது. மத்திய அரசு 2022 அக்டோபரில், பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மூலமாக மட்டுமே அடிக்க வேண்டும் என்று கட்டுப்படுத்தியது. கிராமத்தில் அதை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

இது தேனீயைக் கொல்லுமா? பூச்சிமருந்து மாதிரி பட்டவுடன் கொல்வதில்லை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தினர் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், இது தேனீயின் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களைக் குறைப்பதாகவும், அதனால் நோய்க்கிருமியை எதிர்க்கும் சக்தி குறைவதாகவும் கண்டார்கள். அது ஐரோப்பியத் தேனீயில் செய்த ஆய்வு. எங்கள் விளையில் நடந்தது அதைவிடச் சாதாரணமானது. சாப்பாடு போய்விட்டது, அவ்வளவுதான்.

தென்னைதான் வருஷம் முழுக்கப் பூக்கிறதே என்று நானும் கேட்டேன். அண்ணாச்சி சொன்ன பதில்: "தென்னை சோறு மாதிரி. வயிறு நெறயும். வெறும் சோத்தத் தின்னு எத்தன நாளு இருப்ப? இந்தப் புல்லு பூண்டுதான் அதுக்குக் கூட்டும் கறியும்." ஒரு சட்டத்தைத் தூக்கிக் காட்டினார். அறைகளில் மஞ்சளிலேயே நாலைந்து விதம், இடையில் ஆரஞ்சு, ஒரு மூலையில் வெள்ளை. தொட்டாச்சிணுங்கியின் அந்தப் பஞ்சு மாதிரிப் பூவில் காலையில் தேனீ எப்படி மொய்க்கும் என்று கீழே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். தும்பை, மூக்குத்திப்பூச் செடி, எல்லாமே நாம் காலால் மிதித்துப் போகிற சமாச்சாரம். ஒரே வகை மகரந்தத்தைவிடக் கலந்து தின்ற தேனீக்கு எதிர்ப்புச் சக்தி அதிகம் என்று ஆராய்ச்சியிலும் இருக்கிறது. வைரஸுக்கு மருந்தே இல்லாத ஒரு தொழிலில் இது சின்ன விஷயம் இல்லை.

நான் பிளஸ் டூ படித்த வருஷம் புரட்டாசியில் அப்பா மருந்து அடித்தார். அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவேயில்லை, நம் விளை, நம் புல்! பத்து நாளில் தரை முழுக்கத் துருப்பிடித்த நிறம். பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது, விழுந்த தேங்காய் தூரத்திலிருந்தே தெரிந்தது. கார்த்திகையில் அவர் வந்து பெட்டிகளைத் திறந்து பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. நான்கு பெட்டி காலி, தேனீ கூட்டோடு கிளம்பிப் போயிருந்தது. மற்றவற்றை இரண்டு நாளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அந்த வருஷம் மழையும் விடாமல் பெய்தது, ஆகவே மருந்து மட்டும்தான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அவரும் அப்படிக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அடுத்த ஆடிக்கு வரவில்லை.

இப்போது ஆப்பிள் தோட்டத்துக்குத் திரும்புகிறேன். மீட் சொன்னதை 1973-ல் ஸ்டீவன் செங் என்பவர் மறுத்து எழுதினார். அவர் சும்மா உட்கார்ந்து எழுதவில்லை, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் தேனீக்காரர்களையும் தோட்டக்காரர்களையும் நேரில் விசாரித்தார். அங்கே கணக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. ஆப்பிள் மாதிரி தேன் அதிகம் தராத, ஆனால் தேனீ அவசியமான பயிருக்குத் தோட்டக்காரர் காசு கொடுத்தார். தேன் நிறையத் தரும் பயிரானால் தேனீக்காரர் இடத்துக்கு வாடகை கொடுத்தார், பல நேரம் தேனாகவே! இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணாச்சி வருஷா வருஷம் எங்கள் வீட்டில் கொடுத்த ஒரு குப்பித் தேனை நாங்கள் அன்பளிப்பு என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தோம், அது வாடகை! இன்று கலிபோர்னியாவில் பாதாம் பூக்கும் பிப்ரவரிக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் லாரிகளில் போகின்றன, ஒரு பெட்டிக்கு ஏறத்தாழ 200 டாலர் வாடகை. நம் ஊரில் தோட்டக்காரர் தேனீக்காரருக்குக் காசு கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

காரணம் இருக்கிறது. ரப்பர் பாலுக்குத் தேனீ வேண்டாம். வாழைக்காய்க்கும் வேண்டாம், நாம் தின்னும் வாழை மகரந்தம் சேராமலேயே காய்க்கும். தென்னைக்குக் காற்றும் பாதி வேலை செய்துவிடுகிறது. தேனீயை நிஜமாகவே நம்பியிருக்கும் பூசணி, பாகல், வெள்ளரி, மா, கொல்லாமரமெல்லாம் வேலியோரத்துச் சில்லறை. ஆக எங்கள் மாவட்டத்தில் தேனீக்குச் சோறு போடுகிற பெரிய பயிர்க்காரர்களுக்கு, தேனீயால் ஆக வேண்டிய காரியம் ஏதும் இல்லை. செங் பார்த்த ஒப்பந்தம் மரத்துக்கும் பயிருக்கும் போட்டது. அண்ணாச்சியின் குப்பியும் தென்னைக்குத்தான். மரத்தடிப் புல்லுக்கு ஒப்பந்தம் போட்டவர் உலகத்தில் யார்?

இதை அப்பாவிடம் என் பாணியில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "லேய், அவன் குடுக்க ஒரு குப்பி தேனுக்கு நான் பாம்பு அடையக் காடு வளக்கணுமா? கொத்துக் கூலிய உன் மீட் சார் தருவாரா?" என்றார். எண்பது சென்டைக் கொத்த ஆகும் கூலியையும் ஒரு குப்பித் தேனின் விலையையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். அப்பா சொல்வதுதான் சரி, கிட்டக்கூட வரவில்லை.

கடைசியில் ஒரு ஏற்பாடு. மரத்தடியில் தேங்காய் பொறுக்கும் இடத்தை மட்டும் ஆள் வைத்துக் கொத்துவது, தெற்கு வேலியோரம் பத்தடி அகலத்துக்கு எதுவும் செய்யாமல் விடுவது, மருந்து இந்த வருஷம் வேண்டாம். கொத்துக் கூலியில் பாதி, லீவில் நான் கொத்துவதால் மிச்சம் (கையில் இரண்டு கொப்புளம், போட்டோ போடவில்லை). அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். ஆவணியில் வந்தார், வேலியோரம் நடந்து பார்த்தார், தொட்டாச்சிணுங்கியைச் செருப்பால் தட்டிப் பார்த்தார். ஆறு பெட்டி இறக்கியிருக்கிறார். குப்பி ஒன்றா இரண்டா என்று அப்பா கேட்டதற்கு, தை பிறக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார்.